மதி என்றால் போதும்

இடைநிலைப் பள்ளியில் முதல் நாள் பெயர் கூப்பிட்ட மலாய் ஆசிரியை ஒரு பெயரில் வந்து நின்றுவிட்டார். பட்டியலைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி, “மாத்தி?” என்றார்.

“ஆடா, டீச்சர்” என்று எழுந்து நின்றாள் மதி.

மலாயில் மாத்தி என்றால் சாவு. ஆடா என்றால் இருக்கிறேன். செத்தவள் எழுந்து நின்று இருக்கிறேன் என்று சொன்னால் எந்த வகுப்புதான் சிரிக்காது? மதியும் சேர்ந்து சிரித்தாள். அன்றைக்குச் சிரித்ததுதான் இத்தனை வருடம் அவளைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

பெயர் வைத்தவர் அவளுடைய அப்பா அய்யாவு. காப்பாரில் செம்பனைக் குலை வெட்டியவர். நாள், நட்சத்திரம் எதுவும் பார்க்காமல், “எம் மகளுக்கு அறிவுன்னு பேர் வைக்கிறேன்” என்று சொல்லி மதி என்று வைத்தார். நிலவுக்கும் அந்தப் பெயர் உண்டு, ஒருவரை மதி என்று கட்டளையிடவும் அதே சொல்தான். மூன்று நல்ல பொருளைத் தமிழ் ஒரே சொல்லில் வைத்திருந்தது. ஆனால் பிறப்புப் பத்திரத்தில் எழுதியவர் ரோமன் எழுத்தில் நடுவே இருந்த ‘h’ஐ விழுங்கிவிட்டார். மெல்லிய ‘த’ தடித்தது. மதி, ஐசி என்கிற அடையாள அட்டையில் மாத்தி ஆனாள்.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? எண் ஜோதிடர்கள் இரண்டு பேர் எழுத்துக் கூட்டிப் பார்த்தார்கள். பெயர் மாற்றினால்தான் கல்யாணம் நடக்கும் என்றார்கள். மாற்றாமலேயே நடந்தது. மாப்பிள்ளை லோகன், கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவன். கல்யாண வீட்டில் யாரோ பெயரைச் சொல்லி முகம் சுளித்தபோது அவன் சொன்ன பதில் இன்றைக்கும் காப்பாரில் ஓடுகிறது: “சாவையே கட்டிக்கிட்டேன் லா. இனிமே எமன் எனக்கு மச்சான்.”

மதி நர்ஸானாள். கிள்ளானில் ஒரு கடை வரிசையின் கீழ்த்தளத்தில் இருக்கும் தனியார் டயாலிசிஸ் மையத்தில் பல வருடமாக வேலை. சிறுநீரகம் கைவிட்டவர்கள் அங்கே வாரத்துக்கு மூன்று முறை வந்து சாய்நாற்காலியில் படுப்பார்கள். இரத்தம் குழாய் வழியே இயந்திரத்துக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்பும். தடித்துப்போன கையில் வலிக்காமல் ஊசி ஏற்றுவது லேசான காரியமல்ல. மதிக்கு அது கைவந்திருந்தது.

அந்த அறையில் குரியன் அங்கிள் என்று ஒரு மலையாளி உண்டு. பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்தவர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இப்போது கிள்ளானில் மகள் வீட்டில். தேநீர் ஊற்ற வரும்போது கையை உயர்த்தி, “மதி, மதி” என்பார். மலையாளத்தில் மதி என்றால் போதும். இவள் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாள்.

“என்ன அங்கிள்?”

“நின்னெ விளிச்சதல்ல மோளே. சாயா மதி.” உன்னைக் கூப்பிடவில்லை, தேநீர் போதும் என்கிறார்.

காப்பார் மீனவர் ரம்லி அங்கே புதிதாக வந்த நாளில் பக்கத்து நாற்காலி அவருக்கு. குரியன் வழக்கம்போல “சாயா மதி” என்றார். மலாயில் சாயா என்றால் நான். நான் சாகிறேன் என்று ஒரு கிழவர் கையை உயர்த்திச் சொல்வது ரம்லியின் காதில் விழுந்தது. அவர் மணியை அழுத்தினார். ஓடி வந்த நர்ஸின் பேட்ஜில் பார்த்தால், மாத்தி. ரம்லி கண்ணை மூடிக்கொண்டு இறைவன் பெயரைச் சொல்லத் தொடங்கிவிட்டார். விளக்கிச் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பில் இயந்திரமே எச்சரிக்கை ஒலி கொடுத்தது. அன்றிலிருந்து அவர் வேறு யார் கையாலும் ஊசி போட்டுக்கொள்ள மாட்டார். “சாவு வந்து ஊசி போட்டால்தான் எனக்கு வலிப்பதில்லை” என்பார் மலாயில்.

மலாய்க்காரருக்கு இல்லாத கிலி ஒரு தமிழருக்கு வந்தது. பழனியப்பன், இரும்புச் சாமான் கடைக்காரர். புது மேலாளர் உஷாராணியைக் கூப்பிட்டுச் சொன்னார்: “நான் இங்க உசுரக் கையில புடிச்சிக்கிட்டுப் படுத்திருக்கேன் மா. அந்தப் பேரு எங் காதுல விழக்கூடாது. எனக்கு நேரம் சரியில்லைன்னு ஜோசியர் சொல்லியிருக்காரு.”

சிறுநீரகம் பெயரைக் கேட்டுப் பழுதாவதில்லை. சர்க்கரையால் பழுதாகிறது, கவனிக்காத இரத்த அழுத்தத்தால் பழுதாகிறது. இதை அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியவர் உஷாராணி. சொல்லவில்லை. பழனியப்பன் சொந்தப் பணம் கட்டுகிறவர், உதவித்தொகையில் வருகிறவர் அல்ல. அப்படிப்பட்டவருடைய மூடநம்பிக்கைக்கு எங்கேயும் ஒரு நாற்காலி கிடைத்துவிடுகிறது.

“கோவிச்சுக்காதீங்கக்கா” என்றார் உஷாராணி. “பேரை மாத்தி வச்சா என்ன?”

“ஏற்கெனவே மாத்தின்னுதானே கூப்பிடறாங்க?”

உஷாராணி சிரிக்கவில்லை. “மாலான்னு ஒரு பேட்ஜ் அடிச்சிருக்கேன். இங்க மட்டும் போட்டுக்குங்க. வேண்டாம்னா பின்னால ரூம்ல ஃபில்டர் கழுவற வேலை இருக்கு. நீங்களே சொல்லுங்க.”

பின்னறைக்குப் போனால் பெயர் மிஞ்சும், ஆட்கள் போய்விடுவார்கள். ரம்லியின் கையில் வேறொருவர் ஊசி தேடிக் குத்துவதை மதி நினைத்துப் பார்த்தாள். பேட்ஜை வாங்கிக் குத்திக்கொண்டாள்.

வீட்டில் சட்டையைத் துவைக்கப் போட்ட லோகன் அதைக் கழற்றிப் பார்த்தான். “யாரு லா இந்தப் பொம்பள?”

“வேலையில புதுசா வந்திருக்கு.”

“நல்லா வேலை செய்யுதா?”

“கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குது” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்றிரவு அவள் சாப்பிடவில்லை என்பதை லோகன் கவனித்தான்.

அவள் சொன்னது விளையாட்டில்லை. ஐம்பது வயதில் ஒரு காதுக்குப் புதுப் பெயரை எப்படிப் பழக்குவது? மாலா என்று கூப்பிட்டால் யாரையோ என்று இருந்துவிடுவாள். குரியன் அங்கிள் “மதி” என்றால் மட்டும் திரும்புவாள், பிறகு நினைவு வந்து நிற்பாள். கிழவருக்கும் அது புரிந்தது. தேநீர் போதும் என்பதை வாயால் சொல்லாமல் கையால் மட்டும் காட்டத் தொடங்கினார்.

ஒரு நாள் மதியம். அறையில் பாதிப் பேர் தூக்கம். ரம்லி கொட்டாவி விட்டார், மறுபடியும் விட்டார். எதிர் நாற்காலியில் விழித்திருந்த பழனியப்பன் பார்த்துக்கொண்டிருந்தார். ரம்லியின் நெற்றியில் வியர்வை, உதடு வெளுப்பு, தலை மெல்லச் சரிகிறது. இரத்த அழுத்தம் விழுகிறது. எத்தனையோ முறை தனக்கே வந்திருப்பதால் அவருக்கு அது தெரியும். மதி அறைக் கோடியில் திரும்பி நின்று யாருக்கோ கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“மாலா” என்றார் பழனியப்பன்.

அவள் திரும்பவில்லை.

“மாலா. மிஸ்ஸி மாலா.”

திரும்பவில்லை. ரம்லியின் கண் மேலே சொருகியது. மணி எட்டவில்லை, தன் கையிலோ ஊசி. பழனியப்பன் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாகக் கத்தியிருக்க மாட்டார்.

“மதி!”

ஒரே எட்டில் வந்தாள். நாற்காலியின் தலைப்பக்கத்தை இறக்கினாள், காலை உயர்த்தினாள், உப்பு நீரை வேகமாக ஓடவிட்டாள். இதற்குள் முன்மேசையில் இருந்த மலாய்ப் பெண், மதியைத்தான் தேடுகிறார்கள் என்று எண்ணி, “மாத்தி! மாத்தி!” என்று வாசல் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். வெளியே காத்திருந்த குடும்பங்கள் மொத்தமும் எழுந்துவிட்டன. கதவு நிறைய முகங்கள். “சியாப்பா மாத்தி?” என்று ஒருவர் நடுக்கத்தோடு கேட்டார். யார் செத்தது?

ரம்லி கண்ணைத் திறந்தார். எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டார்.

“பெலும் லாகி” என்றார். இன்னும் இல்லை.

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. பழனியப்பன் சிரிக்கவில்லை. அவர் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். வீட்டுக்குக் கிளம்பும்போது உஷாராணியின் மேசையருகே சக்கர நாற்காலியை நிறுத்தச் சொன்னார்.

“அந்தம்மா பேரை அவங்ககிட்டயே குடுத்துரு மா. மாலான்னா திரும்ப மாட்டேங்குது. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா?”

“ஜோசியர் ஏதோ சொன்னாருன்னீங்களே அங்கிள்?”

“ஜோசியரு இங்க வந்து உப்புத் தண்ணி ஏத்துவாரா?”

இதைக் கேட்டு அவருக்குப் பகுத்தறிவு வந்துவிட்டது என்று நான் எழுதினால் அது பொய். பயம் பக்கம் மாறியிருந்தது, அவ்வளவுதான். மதியிடம் அவர் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. உஷாராணியும் தெரிவிக்கவில்லை. பழைய பேட்ஜை ஓர் உறையில் போட்டு நீட்டினார், யாரோ தொலைத்த பொருளைக் கண்டெடுத்துக் கொடுப்பதுபோல. அவமதித்தவர்கள் மறந்துபோவது எவ்வளவு எளிது. மதி உறையைப் பிரித்து, பேட்ஜைச் சட்டையில் துடைத்துக் குத்திக்கொண்டாள். மாலாவை மேசைமேல் வைத்தாள்.

“இவங்களுக்கு வேற வேலை பாத்துக் குடுங்க” என்றாள்.

அடுத்த முறை தேநீர் வந்தபோது குரியன் அங்கிள் அந்தப் பேட்ஜை நன்றாகப் பார்த்தார். கோப்பை பாதி நிரம்பியதும் வாய் நிறையச் சொன்னார்.

“மதி.”

அவள் வந்தாள். “என்னையா, தேத்தண்ணியையா அங்கிள்?”

“நின்னெத்தன்னெ மோளே.” கோப்பையை நீட்டினார். “கொறச்சு கூடி ஒழிக்கான் பற.”

உன்னைத்தான் கூப்பிட்டேன், இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல் என்கிறார். உடம்பில் நீர் ஏறினால் இவருக்கு மூச்சு முட்டும். காலையில் எடை பார்த்தபோதே கூடியிருந்தது. மதி கோப்பையை மெதுவாக அவர் கையிலிருந்து வாங்கினாள்.

“மதி, அங்கிள்” என்றாள், அவருடைய மொழியில்.