வெள்ளம் பார்க்க வந்த மஞ்சள் பூட்ஸ்

முழங்கால் வரை ஏறிய மஞ்சள் நிற ரப்பர் பூட்ஸ். திருச்சி விமான நிலையத்திலிருந்து வெளியே வந்த மேடத்திடம் முதலில் என் கண்ணில் பட்டது அதுதான். முகத்தை அப்புறம்தான் பார்த்தேன். கையில் மழைக்கோட்டு வேறு. ஆடி மாதத்து வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. காரில் ஏறியதும் கண்ணாடி வழியாக வானத்தை எட்டிப் பார்த்து, மழை எப்போது நின்றது என்று ஆங்கிலத்தில் கேட்டார். மழை பெய்யவே இல்லை என்றேன். நான் எதையோ மறைக்கிறேன் என்பதுபோல என்னை ஒரு பார்வை பார்த்தார்.

எங்களுக்கு வெள்ளம் அப்படித்தான் வரும். மழை கர்நாடகத்தில் பெய்யும், மேட்டூர் நிரம்பும், தண்ணீர் எங்களிடம் வந்து சேரும். இங்கே மொட்டை மாடியில் வடகம் காய்ந்துகொண்டிருக்கும்போதே கொள்ளிடத்தில் வெள்ளம் கரையைத் தின்றுகொண்டு போகும். மேடமோ ஒரு குளிர் நாட்டிலிருந்து, ஏதோ ஒரு நிவாரண அமைப்பின் சார்பில் வந்தவர். ஒரே ஒரு நாள்தான் அவருக்கு. கரையோரத்துக் குடும்பங்கள் உண்மையிலேயே வீடிழந்து நிற்கின்றன என்று அவர் மனதில் பட்டால், மேட்டு நிலத்தில் அவர்களுக்கு வீடு கட்டித் தருவார்கள். படாவிட்டால் அந்த உதவி வேறு ஏதாவது ஊருக்குப் போய்விடும். துணைக்கு ஆங்கிலம் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னைப் பிடித்தார்கள். நான் ஸ்ரீரங்கத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்குக் கோபுரம் காட்டிப் பிழைக்கிற வழிகாட்டி. அழகைக் காட்டிக் காசு வாங்கியே பழகியவனிடம் அழிவைக் காட்டச் சொன்னால் அவன் என்ன செய்வான்?

காரியம் எனக்குச் சொந்தக் காரியம்போல ஆனதற்குப் பூக்கார அக்காதான் காரணம். தெற்கு வாசல் பக்கம் பூக்கடை போட்டிருப்பவர். என்னோடு வருகிற விருந்தாளிகளுக்கு மல்லிகைச் சரம் அவரிடம்தான் வாங்குவேன். அவர் வீடு கொள்ளிடக் கரையில் இருந்தது. "வீட்டு விஷயம் இனிமே உங்க வாயிலதான் இருக்கு தம்பி," என்று போனில் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

காவிரிப் பாலத்தில் கார் நின்றுவிட்டது. ஊரே தண்ணீர் பார்க்க வந்திருந்தது. புதுப்புடவை கட்டிய பெண்கள், தோளில் குழந்தைகளை ஏற்றிக்கொண்ட அப்பாக்கள், சுண்டல் வண்டி, பஜ்ஜி வண்டி, விசில் ஊதியே களைத்துப்போன ஒரு போலீஸ்காரர். வெள்ளத்தைப் பின்னால் வைத்து ஆளாளுக்கு செல்ஃபி. பாதிக்கப்பட்டவர்கள் இவர்கள்தானா என்று மேடம் கேட்டார். இல்லை, பார்க்க வந்தவர்கள் என்றேன். அந்த நேரம் பார்த்து ஒரு அம்மாள் பூவையும் மஞ்சளையும் ஆற்றில் போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆடியில் காவிரிக்கு மசக்கை, அதனால் சித்திரான்னம் படைத்துக் கும்பிடுவோம் என்று விளக்கினேன். வீட்டை அடித்துக்கொண்டு போகிற ஆற்றையா என்றார். ஆமாம், அதே ஆற்றைத்தான். சும்மா இருந்திருக்கலாம். பழக்கதோஷத்தில், சாயங்காலம் இங்கே நின்று பார்த்தால் மலைக்கோட்டை ரொம்ப அழகாக இருக்கும் என்று வேறு சொல்லி வைத்தேன். மேடம் மழைக்கோட்டை மடித்துப் பைக்குள் வைத்தார்.

கரையோரத்து மக்களை ஒரு கல்யாண மண்டபத்தில் தங்க வைத்திருந்தார்கள். எப்படி இருக்கிறீர்களோ அப்படியே இருங்கள், எதையும் செய்யாதீர்கள் என்று அக்காவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். போய் இறங்கினால் வாசலில் பெரிய கோலம். போன முகூர்த்தத்து வாழைமரம் இன்னும் நின்றது. தட்டில் சந்தனம், கற்கண்டு. உடுத்திக்கொள்ள மிஞ்சியிருந்த நல்ல துணியை எல்லோரும் உடுத்தியிருந்தார்கள், இல்லாதவர்கள் இரவல் வாங்கியிருந்தார்கள். வாசலில் கிடந்த செருப்புக் குவியலைப் பார்த்த மேடம் தாமாகவே பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். அவரை மணமேடையில் கிடந்த சிவப்பு வெல்வெட் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். பக்கத்தில் மாப்பிள்ளை நாற்காலி காலியாக இருந்தது. நான் அதன் பக்கமே போகவில்லை.

உங்களுக்கு என்ன தேவை என்று மேடம் கேட்டார். கேள்வியைத் தமிழில் சொன்னேன். "ஒண்ணும் வேணாங்க. அவங்க சாப்பிட்டாங்களான்னு கேளுங்க," என்றார் ஒருவர். கூட்டமே தலையாட்டியது. அந்த ஆளை அங்கேயே நாலு வார்த்தை கேட்கலாம்போல இருந்தது. மாற்றிச் சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது, ஆனால் மனசு வரவில்லை. உள்ளதையே சொன்னேன். மேடம் சிரித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். அக்காவைத் தூணோரம் இழுத்து, "கஷ்டத்தைக் கொஞ்சம் சொல்லுங்கக்கா," என்று கெஞ்சினேன்.

"வெளியூர்லேந்து வந்தவங்ககிட்ட வந்ததும் வராததுமா அழுது வைக்கிறதா தம்பி? மொதல்ல ஒரு வாய் காப்பி குடிக்கட்டும்," என்றவர் மேஜையில் இருந்த பேப்பர் கப்புகளைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். அதன்பிறகு ஆளையே காணோம்.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மேடம் எழுந்தார். வாசலுக்கு வந்தால் செருப்புக் குவியல் அப்படியே இருக்கிறது, மஞ்சள் பூட்ஸ் மட்டும் இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது. "பூக்காரம்மா மாட்டிக்கிட்டு வீட்டுப் பக்கம் போச்சுங்க," என்றார் வாசலில் நின்ற பெரியவர், ரொம்ப சாதாரணமாக. கூட்டி வருகிறேன், இருங்கள் என்று சொல்லிவிட்டு ஓடினேன். மேடம் கேட்கவில்லை. வெறுங்காலோடு தார் ரோட்டில் தாண்டித் தாண்டி என் பின்னாலேயே வந்தார்.

தெரு ஒரு திருப்பம் திரும்பிச் சரிந்து தண்ணீருக்குள் போயிற்று. அதற்கப்புறம் தெருவே இல்லை. வரிசையாகக் கூரைகள் மட்டும் தெரிந்தன. கடைசிக் கூரைக்கு அடியிலிருந்து, இடுப்பளவுத் தண்ணீரில், தலைக்குமேல் எதையோ தூக்கிப் பிடித்தபடி அக்கா வந்துகொண்டிருந்தார். ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு டபரா. கரையேறி உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தார். குடத்தைக் கவிழ்த்ததுபோலத் தண்ணீர் கொட்டியது. மேடத்தை நிமிர்ந்து பார்க்கக் கூச்சப்பட்டு என்னிடம் சொன்னார்: "கோச்சுக்க வேணாம்னு சொல்லுங்க தம்பி. உள்ள ஒரே கண்ணாடிச் சில்லு, அதான் மாட்டிக்கிட்டுப் போனேன். இது பரண்ல இருந்துச்சு. அவங்களுக்குப் போயி பேப்பர் கப்புலயா குடுக்குறது?"

சொன்னேன். அவர் வீடு எது என்று மேடம் கேட்டார். "அந்தா, செவுரு இல்லாம நிக்குதே, அதுதாங்க," என்று பஸ் ஸ்டாப்பைக் காட்டுவதுபோலக் கையைக் காட்டினார் அக்கா. ஓடு இருந்தது, கீழே இரண்டு பக்கம் சுவர் இல்லை. அதையும் அப்படியே சொன்னேன். மேடம் அந்த வீட்டையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார். நாள் முழுக்க நான் மொழிபெயர்த்ததில் வேலைக்கு ஆனது அந்த ஒன்றுதான்.

மண்டபத்துக்குத் திரும்பியதும் மேடம், அக்கா ஆற்றிக் கொடுத்த காப்பியை அந்த டம்ளரிலேயே குடித்தார். ஒன்றுக்கு இரண்டு தடவை வாங்கிக் குடித்தார். ஈர பூட்ஸ் காலில் ஏற மறுத்ததால் அக்காவின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் விமானம் ஏறினார். மேட்டு நிலத்தில் வீடுகள் வந்தன, கொஞ்சம் இழுத்தடித்துத்தான் என்றாலும்.

இந்த ஆடியிலும் வெயில் மண்டையைப் பிளக்கிறது, கொள்ளிடத்தில் தண்ணீர் போகிறது. அக்காவை அவருடைய புது வீட்டில் பார்த்துவிட்டு வரலாம் என்று போயிருந்தேன். "மேடம் இந்த வருஷம் வருவாங்களா தம்பி?" என்று கேட்டார்.

"உங்க வீட்டுக்குத்தான் தண்ணி வராதேக்கா. எதுக்கு வருவாங்க?"

"தண்ணி வந்தாத்தான் வரணுமா? சும்மா வந்து ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு, அவங்க பொருளையும் வாங்கிட்டுப் போகட்டும்."

மாடிக் கைப்பிடிச் சுவரைக் காட்டினார். கழுவித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்த மஞ்சள் பூட்ஸ் இரண்டும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.