கவுன்சிலர் ஒரு சொல்லுச் சொன்னால்

சந்தியை மஞ்சள் விளக்கில்தான் கடந்தேன் என்று அண்ணை அடித்துச் சொன்னார். பொலிஸ்காரன் சிவப்பு என்று எழுதி அபராத டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டான். மொன்றியல் துறைமுகத்தில் லொறி ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ்தான் சோறு. குற்றமில்லை என்று எழுதி வழக்காடலாம். தோற்றால் அபராதத்தோடு கோர்ட்டுச் செலவும் தலையில் விழும். நியாயம் கேட்கவும் காசா என்று அண்ணை பொருமினார்.

அந்த நேரம் பார்த்து நகரசபைத் தேர்தல் வந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் தேவாலய மண்டபத்தில் ஒரு வேட்பாளர் வாக்குக் கேட்டார். அண்ணை எழும்பி இதையே கேட்டார். கோர்ட்டுச் செலவைக் குறைப்பதுதான் தன் முதல் வேலை என்றார் அந்த மனிதர். அவ்வளவுதான். தேர்தலன்று எங்கள் கோட்-டெ-நெய்ஜ் பகுதிச் சனத்தையெல்லாம் அண்ணை தன் வான் வண்டியில் வாக்குச்சாவடிக்கு ஏற்றி இறக்கினார். வேட்பாளர் வென்று கவுன்சிலரானார்.

அதன் பிறகு அண்ணை டிக்கெட்டைத் தொடவே இல்லை.

"மறுமொழி எழுதுங்கோ அண்ணை, தவணை போகுது," என்றேன்.

"எங்கட ஆள் வந்திட்டார் பிள்ளை. ஒரு சொல்லுச் சொல்லிவிடுவார். பேந்து பாப்பம்."

அண்ணை கோர்ட்டுக்குப் போகாமலே குற்றம் என்று தீர்ப்பானது. செலவு ஏறியது. அதையும் கட்டாமல் இருந்ததில் கடைசியாக லைசென்ஸையும் நிறுத்திவிட்டார்கள்.

அப்போதுதான் என்னையும் கூட்டிக்கொண்டு, ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸோடு கவுன்சிலரிடம் போனார். வெறுங்கையோடு போனால் மரியாதை இல்லையாம். கவுன்சிலர் இல்லை. உதவியாளப் பெண் பிரெஞ்சில் பொறுமையாக விளக்கினாள். நான் தமிழில் சொன்னேன். கோர்ட்டு நகரத்துடையது, ஆனால் செலவைத் தீர்மானிப்பது மாகாணச் சட்டம். கவுன்சிலரால் ஒரு சதமும் குறைக்க முடியாது, நீதிபதியோடு கதைக்கவும் கூடாது. ரோல்ஸையும் அவள் வாங்கவில்லை. அண்ணை "மெர்சி" என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

கவுன்சிலர் மேல் வந்த கோபத்தைவிட எனக்கு அண்ணை மேல்தான் கூடக் கோபம். மெட்ரோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "ஊரிலையெண்டா ஒரு எம்.பி. சொன்னால் காணும், எல்லாம் நடக்கும்," என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அவையள் சொன்னால்தான் எல்லாம் நடக்குமெண்ட ஊர் வேண்டாமெண்டுதானே அண்ணை ஓடி வந்தனாங்கள்?"

அவர் பெட்டியின் மூடியை இறுக்கி மூடிக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பினார். சொல்லியிருக்க வேண்டாமோ என்று எனக்கும் மனம் கனத்தது.

காசைக் கட்டினால் லைசென்ஸ் திரும்பிவரும். கொம்பனி அதுவரை பொறுக்கவில்லை, வேறு ஆளைப் போட்டுவிட்டது. லொறித் திறப்புக்கொத்தைத் திருப்பிக் கொடுக்க மறுநாள் அண்ணை துறைமுகத்துக்குப் போனார். சனத்தையெல்லாம் வாக்குப் போட ஏற்றிப்போன வான் வீட்டு வாசலில் பனி மூடிக் கிடக்க, பஸ்ஸில் போனார்.