விழும்போது விடாத பூட்டு

எழுபதுகளின் கடைசியில், ஊர்காவற்றுறையில் காரைநகர் வள்ளத்துக்காகக் காத்து நின்றபோது அவரைக் கண்டேன். மெலிந்த மனிதர். வருகிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் குதிகால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சப்பாத்துப் போட்டிருந்தவன் நான் ஒருவன்தான். பக்கத்தில் வந்தார்.

ஜேர்மனியில், பனியில் சறுக்கும் பலகைகளை வாடகைக்கு விடும் கடையொன்றில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவராம். கையிலிருந்த பலகையில், சைக்கிள் கம்பிச்சுருளும் இரும்புத் தகடும் வைத்து அவரே செய்த, சப்பாத்தைப் பலகையோடு பிணைக்கும் பூட்டு ஒன்று இருந்தது.

"காலை வையும்," என்றார். திருகாணியைத் திருப்பி என் சப்பாத்துக்கு அளவாக்கினார். குதி அசையவில்லை.

"எந்தச் சப்பாத்துக்கும் பொருந்தும். ஆனா விழேக்கை தானா விட வேணும். முன்னுக்குச் சாயும், நான் பிடிக்கிறன்."

சாய்ந்தேன். பூட்டு விடவில்லை. அவரே குனிந்து என் காலை எடுத்துவிட்டார்.

"அங்கையுள்ள கொம்பனிகளுக்கு எழுதினனீங்களோ அண்ணை?"

"ஓம். இதைவிடத் திறமானது எப்பவோ கடைக்கு வந்திட்டுதாம்."

"பிறகேன் மினக்கெடுறியள்? இஞ்சை பனியுமில்லையே."

நிலத்திலிருந்த பலகையை எடுத்துக்கொண்டார்.

"அங்கை ஒரு பிள்ளைக்கு நான்தான் பூட்டிவிட்டனான். இறுக்கிப்போட்டன். விழேக்கை அது விடேல்லை. அந்தப் பிள்ளைக்கு இனி நடக்க ஏலாது, தம்பி."

வள்ளம் வந்தது. நான் ஏறினேன், அவர் ஏறவில்லை. திருகாணியைத் தளர்த்திக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார்.

அந்தப் பூட்டு ஒருநாள் சரிவந்திருந்தால், அதற்குப் பிறகு அவர் என்ன செய்திருப்பார் என்று இன்றும் யோசிக்கிறேன்.