பிரேக் அக்கா வீடு விற்றாள்

டிரைவிங் ஸ்கூலில் இருபத்திரண்டு வருடமாகக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவளை எல்லோரும் பிரேக் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பக்கத்து இருக்கையில், காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை நம்பி உட்கார்ந்திருப்பவள் எதற்கும் பதறியதில்லை. ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடிப்பதை வைத்தே ஆள் எப்படி என்று சொல்லிவிடுவாள்.

கணவருக்கு முட்டியில் ஆபரேஷன் ஆனபிறகு மாடிப்படி ஏறுவது பெரும்பாடாயிற்று. படுக்கையறை இரண்டும் மாடியில். வீட்டை விற்றுவிட்டு, படியே இல்லாத வீடாகப் பார்க்கலாம் என்று முடிவெடுத்தாள். நேரம்தான் சரியில்லை. வட்டி ஏறியதில் வாங்குகிறவர்கள் பின்வாங்கிவிட்டார்கள். அந்தத் தெருவில் மட்டும் நான்கு 'விற்பனைக்கு' பலகைகள் வெயிலில் வெளுத்துக்கொண்டிருந்தன.

தம்பி தனக்குத் தெரிந்த புரோக்கரைக் கூட்டிவந்தான். மனிதர் தேன் ஒழுகப் பேசினார். "அரண்மனை மாதிரி இருக்கு. ஒரே மாசத்துல முடிச்சிடலாம்" என்று, தெருவில் யாரும் கனவிலும் கேட்காத விலையைச் சொன்னார்.

"இந்த வீட்டுல என்ன குறை இருக்கு?" என்று அக்கா கேட்டாள்.

"குறையா? ஒண்ணுமே இல்லைங்க!"

பக்கத்துப் பட்டறையில் லேத் மெஷின் கிர்ரென்று அலறியது. அவர் குரலை உயர்த்திப் பேச்சைத் தொடர்ந்தார். அக்கா டீ கொடுத்து அனுப்பிவிட்டாள்.

அடுத்து வந்த புரோக்கர் மாடியைக்கூடப் பார்க்கவில்லை. போட்டோ அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவதாக வந்தது ஒரு பெண். பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருந்து, வேலை போனபின் இந்தத் தொழிலுக்கு வந்தவள். எல்லாக் குழாயையும் திறந்து பார்த்தாள். குளியலறைச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு கால் மணி நேரம் சும்மா நின்றாள். முதல் புரோக்கர் சொன்ன விலையையே தம்பி அவளிடமும் சொன்னான்.

"பூசி மெழுகாம சொல்றேன் அக்கா. சுவத்துல ஓதம் இருக்கு, அதைச் சரி பண்ணிடுங்க. பட்டறைச் சத்தத்தை ஒண்ணும் பண்ண முடியாது. உங்க தம்பி சொல்ற விலைக்கெல்லாம் போகாது. கொஞ்சம் குறைச்சுப் போட்டாலும் நாலு மாசம் ஆகும்."

"நீ எடுத்து விக்காமப் போன வீடு உண்டா?"

"மூணு இருக்கு. ரெண்டுல நான் சொன்ன விலை தப்பு. ஒண்ணுல வீட்டுக்காரர் மனசு மாறிட்டார்."

அக்கா அங்கேயே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள். தம்பியின் முகம் சுருங்கிவிட்டது.

இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. வந்தவர்களெல்லாம் லேத் சத்தம் கேட்டதும் நழுவினார்கள்.

"பட்டறை ஓடுற நேரமாப் பாத்து ஆள் கூட்டிட்டு வர்றா! ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வந்தா என்னவாம்?" என்று தம்பி குதித்தான்.

"வாங்கினவங்களுக்குத் திங்கட்கிழமை வராதா?" என்றாள் அக்கா.

கணவர் ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவதைப் பார்க்கும்போது மட்டும் அவள் கால் தானாகவே இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை அழுத்தியது.

மூன்றாம் மாதம் புரோக்கர் பெண் போன் செய்தாள். "விளம்பரத்தை மாத்திட்டேன் அக்கா. சத்தத்தையே முதல் வரியில போட்டுட்டேன்."

அதைப் பார்த்து வந்தவர் ஒரு டிரம்ஸ் மாஸ்டர். குடியிருந்த மூன்று வீட்டிலும் அக்கம்பக்கத்தோடு சண்டை. பின்னறையில் நின்று லேத் இரைச்சலைக் கேட்டவருக்கு முகமெல்லாம் பல்.

"இங்க நான் என்ன அடிச்சாலும் யாருக்குங்க கேக்கும்?"

"பட்டறைக்காரர்தான் உங்ககிட்ட சண்டைக்கு வரணும்" என்றாள் புரோக்கர் பெண்.

போட்ட விலையிலேயே வீடு முடிந்தது. இரண்டு நாள் கழித்து, தம்பி தன் மனையை விற்கப் புரோக்கர் பெண்ணின் நம்பரைக் கேட்டான்.

படியே இல்லாத புது வீட்டில் முதல் காலை, அக்கா கண்விழித்தபோது பக்கத்தில் கணவர் இல்லை. வெளியே வந்து பார்த்தால், தெருமுனைவரை தனியாக நடந்துவிட்டு வந்து, கேட்டைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.