ஒகேனக்கலுக்கு ஒருபக்கமாய்

யோசனை முதலில் வந்தது அம்மாவுக்கு. எனக்கு வந்தது காய்ச்சல் மட்டும்தான்.

ஒலக்கூர் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, திண்டிவனம் திரும்ப நெடுஞ்சாலை ஓரம் பஸ்ஸுக்கு நின்றிருந்தோம். முக்கால் மணி நேரம். வந்த பஸ்ஸெல்லாம் கை காட்டக் காட்ட நிற்காமல் போயின. அப்போது பக்கத்து டீக்கடையில் ஒரு பைக் வந்து நின்றது. இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் ஒரு பெட்டி, முன்னால் காற்றைத் தடுக்க உயரமான கண்ணாடி, வெளிமாநில நம்பர். ஓட்டி வந்தவர் இறங்கிக் காலை உதறினார். பின்னால் இருந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றியதும் உள்ளே நரைத்த கொண்டை.

அம்மா கைப்பையை என்னிடம் திணித்துவிட்டு நேராக அந்த அம்மாளிடம் போனாள். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு இந்தி தெரியாது. ஐந்து நிமிடம் பேசினார்கள். அவர் சீட்டைத் தட்டிக் காட்டினார். அம்மா சாண் போட்டு அதன் அகலத்தை அளந்தாள். அம்மா டெய்லர்; எதைப் பார்த்தாலும் முதலில் கைதான் போகும்.

திரும்பி வந்தவள் முகமே வேறு மாதிரி இருந்தது. "குஜராத்துலேந்து ஒக்காந்துக்கினே வந்துகிறாங்கடி. கன்னியாகுமரி போறாங்களாம். அந்தம்மாவுக்கு என் வயசுதான்."

"உனக்கு எப்பம்மா இந்தி வந்துச்சு?"

"வயசு கேக்கறதுக்கு எதுக்குடி இந்தி?"

அதற்கடுத்த பஸ்ஸும் நிற்கவில்லை. "இது மாதிரி ஒண்ணு நம்மகிட்ட இருந்தா இந்நேரம் வூட்டுக்குப் போயி சோறே வடிச்சிருப்பேன்" என்றாள். சொன்னதை அவள் மறந்திருப்பாள். அன்றிலிருந்து என் போனில் பைக்கைத் தவிர வேறு எதுவும் ஓடவில்லை.

நான் படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். பார்ப்பது விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை. தினமும் ரயிலில் போய் ரயிலில் வருகிறவள். படித்த படிப்புக்கு ஒரு நட்டாவது முடுக்க வேண்டாமா என்கிற அரிப்பு ஏற்கெனவே இருந்தது. ஆறு மாதத்தில், புதுச்சேரியிலிருந்து மாற்றலாகிப் போன ஒருவரிடம் பழைய டூரிங் பைக் ஒன்றைப் பிடித்துவிட்டேன். மஸ்கட்டில் லாரி ஓட்டும் அப்பாவுக்கு வீடியோ காலில் காட்டியபோது, "வண்டி ரொம்பப் பெருசாகீதே" என்றார். "நானும்தான் பெருசு, எனக்கு எது பத்தும்?" என்று அம்மா பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

அவளுக்கு ஒகேனக்கல் போக வேண்டும். ஆடியில் கல்யாணம் கிடையாது, அதனால் ஜாக்கெட் கிடையாது. வருஷத்தில் மெஷினுக்கு நாலு நாள் உறை போட முடிகிற மாதம் அது ஒன்றுதான். "நம்ம தென்பெண்ணையில எப்பப் பாத்தாலும் மணலு. பதினெட்டாம் பெருக்கு அன்னிக்கு ஆத்துல தண்ணி எப்பிடி வுழுதுன்னு ஒருவாட்டி கண்ணால பாத்துடணும்." கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தாள். எப்போதோ ஒரு மொபெட்டிலிருந்து விழுந்து முழங்கையில் தையல் போட்டுக்கொண்டவள் அவள். "பெருக்குக்குள்ள வண்டி ஒருவாட்டி வுழுந்துச்சுன்னா கூட வித்துடணும். அப்புறம் பஸ்ஸுதான். அதுக்கு மேல பேச்சு கெடையாது." நானும் தலையாட்டிவிட்டேன். வண்டி என்னிடம் எதற்கு விழப்போகிறது?

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அம்மா ஒருபக்கமாகத்தான் உட்காருவாள். ஊரில் பாதிப் பேருக்குச் சுடிதார் தைக்கிறவள், தான் மட்டும் போட மாட்டாள். "எனக்கு அது ஆவாது" என்பாள், அவ்வளவுதான். உலகத்தில் டூரிங் பைக்குக்கு என்று இருக்கிற அத்தனை சாமானும் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருகிறவர்களுக்கானது. நீண்ட பயணத்துக்கு வண்டியைத் தயார் செய்வது எப்படி என்று நான் பார்த்த வீடியோக்களில் எல்லாம் முதல் வேலை ஒன்றேதான்: சாரி கார்டைக் கழற்றி வீசு. புடவை சக்கரத்தில் சிக்காமல் இருக்க இடப்பக்கம் போடுகிற கம்பிச் சட்டம் அது. வண்டியை எனக்கு விற்றவரும் அந்த நல்ல காரியத்தைச் செய்துவிட்டுத்தான் விற்றிருந்தார்.

விழுப்புரத்தில் நான் சர்வீஸுக்கு வண்டி விடும் மெக்கானிக் அண்ணனிடம் போய் சாரி கார்டு வேண்டும் என்றேன். கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "ஊரே கழட்டிப் போட்டுட்டுப் போவுது, நீ ஒருத்திதான்மா வந்து கேக்கற." கடைக்குப் பின்னால் மலை மாதிரி குவிந்து கிடந்தது. நாலைந்தை எடுத்து வைத்துப் பார்த்து, பொருந்தியதை வெல்டிங் வைத்து மாட்டினார். அம்மா காலை வைக்க நீளமாக ஒரு படியும் போட்டுக் கொடுத்தார். ஓட்டும்போது அவளுக்குப் பிடிக்க ஒன்று வேண்டும் என்று சொன்னதும் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி வந்தது. "இது பைக்கா, டவுன் பஸ்ஸா?" என்றார் அண்ணன்.

மிச்சத்தை அம்மா தைத்தாள். சீட்டுக்கு மேல் ஒரு மெத்தை. அதற்குப் பேப்பரில் அளவு வரைந்து, வெட்டி, வண்டி மேல் ஊசி குத்திப் பார்த்து, இரண்டு தடவை பிரித்துத் தைத்தாள். வலப்பக்கம் தொங்க ஒரு கேன்வாஸ் பை. இடப்பக்கம் அவள் கால் இருப்பதால் பைக்கு இடமில்லை. பைக்குள்ளே ஹெல்மெட் உறை, மழைக் கோட்டு, பஞ்சர் சாமான், உபரி கிளட்ச் கேபிள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அறை. செயின் துடைக்க வெட்டுத்துணிக்கு எங்கள் வீட்டில் எப்போதும் பஞ்சமில்லை. யார் வீட்டுப் பட்டு ஜாக்கெட்டின் மிச்சமோ, ஜரிகையோடு என் செயினைத் துடைத்திருக்கிறேன்.

முதல் வெள்ளோட்டம் பெருமுக்கல். அன்று காலை செயினுக்குப் போடும் எண்ணெய் தீர்ந்துவிட்டது. அம்மா தையல் மெஷின் எண்ணெயை நீட்டினாள். "எண்ணெய்ன்னா எண்ணெய்தான்டி, ஜல்தி கெளம்பு." இன்ஜினியரிங் படித்த நானும் போட்டேன். அது தண்ணீர் மாதிரி. பத்து கிலோமீட்டரில் செயின் அதைச் சுழற்றி வீசியதில், மலையடிவாரத்தில் இறங்கிய அம்மாவின் புடவை விளிம்பு முழுக்கக் கறுப்புப் பொட்டு. "டிசைன் நல்லாதான் கீது" என்றாள். நல்ல மூடில் இருந்தாள். இடுப்பு வலிக்கவில்லை.

ஆனால் எனக்கு ஒன்று உறுத்தியது. மெதுவாகத் திரும்பும்போதெல்லாம் வண்டி இடப்பக்கம் இழுத்தது. நேராகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு நான் வலப்பக்கம் சாய்ந்தே ஓட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டேன். அம்மா அறுபத்திரண்டு கிலோ. ஒருபக்கமாக உட்காரும்போது அவள் பாரம் நடுக்கோட்டிலிருந்து நாலரை சென்டிமீட்டர் இடப்பக்கம் இருக்கிறது என்று வைப்போம். வலப்பக்கப் பை நடுவிலிருந்து நாற்பது சென்டிமீட்டர். அப்படியானால் பையில் ஏழு கிலோ வைத்தால் சரிக்குச் சரி.

"என் வெயிட்டை எல்லாம் பேப்பர்ல எழுதி வெக்காத" என்றாள் அம்மா. பிறகு பரண் மேலிருந்து பழைய கரி இஸ்திரிப் பெட்டியை இறக்கச் சொன்னாள். கரண்ட் பெட்டி வந்த பிறகு அதற்கு வேலை இல்லை. தராசில் வைத்தேன். ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம். நான் துள்ளிக் குதித்தேன்.

இரண்டாவது வெள்ளோட்டம் மேல்சித்தாமூர். அங்கே அம்மாவுக்கு ஒரு வாடிக்கைக்காரர் இருக்கிறார். அவருடைய இரண்டு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு, சமண மடத்துக் கோயிலையும் பார்த்துவிட்டுத் திரும்பினோம். வண்டி நூல் பிடித்த மாதிரி போனது. நடுவில் ஒரு தடவை, காட்டுவதற்காகவே, ஹேண்டிலிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன். முதுகில் ஒரு குத்து விழுந்தது.

செஞ்சி சாலைக்கு வந்து ஏறியதும் ஒரு டீக்கடை. வாசலில் அண்டாவில் மல்லாட்டை வெந்துகொண்டிருந்தது. தோலோடு புது நிலக்கடலை. வழக்கமாக நான் ஸ்டாண்டு போட்டு, "ம்" என்ற பிறகுதான் அம்மா இறங்குவாள். அன்று அந்த வாசனைக்கு, வண்டி நிற்பதற்கும் அவள் குதிப்பதற்கும் இடைவெளியே இல்லை.

அறுபத்திரண்டு கிலோ இறங்கிவிட்டது. ஏழு கிலோ அங்கேயே இருந்தது.

என் கணக்கில் அம்மா இறங்கவே மாட்டாள். வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. எனக்கு இரண்டு காலும் நுனிவிரலில்தான் தரைக்கு எட்டும். வலது கால் ஜல்லியில் வழுக்க, நிதானமாக, யாரோ படுக்க வைத்த மாதிரி, வண்டியும் நானும் படுத்தோம். முன்னால் இருந்த இரும்பு கார்டு என் காலைக் காப்பாற்றியது. இண்டிகேட்டர் ஒன்று உடைந்தது, அவ்வளவுதான்.

டீக்கடைக்காரர் ஓடி வந்து தூக்கினார். "இன்னா பாப்பா, பையில கல்லு வெச்சிக்கினு போறியா?"

"இஸ்திரிப் பெட்டிண்ணே."

அவர் பையைத் திறந்து பார்த்தார். "டூருக்கு இஸ்திரிப் பெட்டியா? துணி கசங்காம கீணும்னா?"

அம்மா சிரிக்கவில்லை. என் கை, கால், முதுகு எல்லாம் தடவிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "வுழுந்துடுச்சு."

"நீ மேல இருக்கும்போது வுழலயேம்மா. நீ எறங்கனதாலதான் வுழுந்துச்சு."

"அப்ப நான் எறங்கவே கூடாதா? ஒகேனக்கல் போயி வண்டி மேலயே ஒக்காந்துக்கினு அருவியப் பாக்கணுமா?"

"அக்கா கேக்கறது நாயந்தானே" என்றார் டீக்கடைக்காரர், யாரும் கேட்காமலே.

அந்த நேரம் பார்த்துத் திண்டிவனம் பஸ் ஒன்று கை காட்டாமலே நின்றது. அம்மா மல்லாட்டைப் பொட்டலத்தோடு ஏறிவிட்டாள்.

நான் பஸ்ஸுக்குப் பின்னால் ஓட்டிக்கொண்டு வந்தேன். அம்மா பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து பின்கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். மல்லாட்டையை உடைப்பதும் வாயில் போடுவதுமாக இருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு ஊர்ப் பக்கம் ஆடுகள் குறுக்கே வந்தன, நின்றேன். பஸ் முன்னால் போய்விட்டது. பிறகு எட்டிப் பிடித்தேன். திண்டிவனம் வரும் வரைக்கும் வண்டியை யாருக்கு விற்பது, என்ன சொல்லி விற்பது என்றே மனசு ஓடியது. சாரி கார்டு போட்ட டூரிங் பைக்கை யார் வாங்குவார்கள்?

வீட்டில் அவளே பேச்சை எடுத்தாள். "உன் பின்னாடியே ஒக்காந்துக்கினு வர்றேன். உன் முதுகைத் தவிர எதைப் பாத்தேன்? இன்னிக்குத்தான் நீ ஓட்டறதைப் பாத்தேன்."

நான் ஹெல்மெட்டை ஆணியில் மாட்டினேன்.

"ஆடு போற வரைக்கும் நின்ன. ஹாரன் அடிக்கல. ஆனா நெட்டுக்கும் ஒரு பக்கமா சாஞ்சிக்கினே வந்த. தோள்பட்ட எறங்கிப்போன ஜாக்கெட் மாரி, பாக்கவே சகிக்கல."

"அது இஸ்திரிப் பெட்டியால. அதை எடுத்துட்டா உன்னால இந்தப் பக்கம் இழுக்கும்."

"ஒரே பேஜாரு" என்றாள். விற்கச் சொல்லவில்லை. வைத்துக்கொள்ளவும் சொல்லவில்லை. நானாகக் கேட்கவும் பயம்.

இரண்டு நாள் அந்தப் பேச்சே இல்லை. இண்டிகேட்டர் மாற்றினேன், செயினுக்கு அதற்கான எண்ணெயே வாங்கிப் போட்டேன், டயர் காற்றுப் பார்த்தேன். விற்பதானாலும் நல்லபடியாகக் கொடுக்க வேண்டும் அல்லவா. அம்மா மெஷினில் எதையோ தைப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். ஆடியில் யார் அவசர வேலை கொடுத்தார்கள் என்று நினைத்தேன்.

நேற்று வேலை முடிந்து வந்தபோது, புடவை கட்டிக்கொண்டு, கூடத்தில் நீட்டிய பெஞ்சுக்கு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். புடவை முழங்கால் வரை ஏறியிருந்தது. அதற்குக் கீழே கணுக்கால் வரை அதே அரக்கு நிறத்தில் கெட்டித் துணி. மேலே பார்த்தால் பாவாடை. நடுவில் பிரிந்து இரண்டு கால். இடுப்பில் நாடா, ஓரத்தில் போன் வைக்க ஒரு பாக்கெட்.

"சுடிதார் போட மாட்டேன்னியே?"

"இது சுடிதாரா? கண்ணு தெரியல? இது பாவாட." எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். புடவை இறங்கி மூடிக்கொண்டது. உள்ளே இப்படி ஒன்று இருப்பதாக யாரும் சொல்ல முடியாது. "நான் நடுவுல ஒக்காந்தா உன் கணக்கு சரியா வருமா, வராதா?"

"வரும்மா. ஆனா வண்டி வுழுந்துச்சே?"

"வுழுந்துச்சு. பெருக்குக்குள்ள இன்னொருவாட்டி வுழுந்தா வித்துடு."

நான் உடனே சாரி கார்டைக் கழற்றிவிடலாமா என்றேன். முறைத்தாள். புடவை புடவைதானாம், கம்பி இருக்கட்டும். காலுக்கு மட்டும் வலப்பக்கமும் ஒரு சின்னப் படி போதும் என்று நினைக்கிறேன், அண்ணனிடம் கேட்க வேண்டும். இடப்பக்கத்துக்கும் ஒரு பை வெட்டி வைத்திருக்கிறாள். இஸ்திரிப் பெட்டி பரணுக்குப் போய்விட்டது.

இன்றைக்கு ஆடி பதினைந்து. பெஞ்சு முழங்கால் உயரம்; வண்டியின் சீட் அவள் இடுப்பு உயரம். படியில் ஒரு காலை ஊன்றி, என் தோளைப் பிடித்துக்கொண்டு, மறுகாலைப் பைக்கு மேலாகத் தூக்கி அந்தப் பக்கம் போட வேண்டும். அது நடந்தால் செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை, தருமபுரி, பென்னாகரம் எல்லாம் வெறும் ரோடுதான். நாளை காலை ஆறு மணிக்கு, ஆள் வருவதற்கு முன், தெருக்கோடி மைதானத்தில் ஏறிப் பார்க்கப் போகிறோம். காலி வண்டியில் பழகலாம் என்றேன். அது ஒரு பழக்கமா என்று கேட்டுவிட்டு, இரண்டு பையிலும் சாமானை முழுக்க அடுக்கிக்கொண்டிருக்கிறாள்.