டீக்கடை வரைக்கும்

மணப்பட்டில் மீன் விற்கும் அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். வெயிலில் காய்ந்த முகம், இடுப்பில் இழுத்துச் செருகிய சேலை, தலைமேல் கவிழ்த்த நீல பிளாஸ்டிக் நாற்காலி. முன்னால் அவள் அப்பா நடப்பார். தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சு முடிந்து மூன்று வாரம். கழுத்துத் தோல் கருகியிருந்தது. காலையில் வலி மாத்திரை கொடுத்து, அது வேலை செய்யத் தொடங்கியதும் அவரைக் கிளப்பிவிடுவாள். அவர் களைத்து நிற்கும் இடத்தில் நாற்காலி இறங்கும். படகுகள் கரையேறும் இடம்வரை அவரை நடக்கவைத்தே தீருவது என்பது அவள் பிடிவாதம். கடல் காற்று அவரைப் பின்னுக்குத் தள்ளும், இவள் முன்னுக்குத் தள்ளுவாள்.

ஒருநாள் பாதி வழியில் அவர் உட்கார்ந்திருந்தார். நான் வண்டியை நிறுத்தி, "வாங்க பெரியவரே, கொண்டுபோய் விடுறேன்" என்றேன்.

"வேணாண்ணா, பேரம் நடக்குது" என்றாள் அவள். பிறகு அவரிடம், "கோயிலு வரைக்கும் வா நைனா."

"கரண்டு கம்பம் வரைக்கும்தான்டி." என்னைப் பார்த்துக் கரகரத்தார். "மீன் விக்கிற மாதிரியே இன்னா பேரம் பேசுறா பாருப்பா!"

"சரி, நடுவுல டீக்கட. அதுக்குக் கீழ எறங்க மாட்டேன்."

அவர் சிரித்தார். சிரித்த வலியில் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு எழுந்தார்.

என் அம்மாவுக்கும் அதே சிகிச்சை முடிந்திருந்தது. "படுத்துக்கம்மா" என்பதைத் தவிர அதுவரை நான் எதுவும் சொன்னதில்லை. அன்று மாத்திரை கொடுத்து, காத்திருந்து, "தெருமுனை வரைக்கும் வர்றியாம்மா?" என்று கேட்டேன்.

"வாசப்படி வரைக்கும்" என்றாள் அம்மா.

உடனே ஒப்புக்கொண்டேன். அந்த மீன்காரப் பெண்ணாக இருந்தால், பக்கத்து வீடு வரைக்குமாவது வாங்கியிருப்பாள்.