மாரியாயி அக்காவின் குரலும் சேகரின் இரண்டு படங்களும்

அந்தமானில், பாராடாங் ஃபெர்ரியில் எங்களுக்கு ஒரே ஒரு டேக்தான் மிச்சம். மறுநாள் கப்பலில் மாரியாயி அக்கா தன் தீவான கட்சாலுக்குத் திரும்ப வேண்டும். சவுண்ட் ரெக்கார்டிஸ்டான என் ஹெட்போனில் இஞ்சின் சத்தத்தைத் தவிர ஒரு மண்ணும் கேட்கவில்லை.

சேகர் இயக்கி நடித்த இரண்டாவது படம் அது. முதல் படத்திலும் ஒரு படகுத்துறைக் காட்சி உண்டு. மகளை வழியனுப்பும் அப்பாவாக மூன்று நிமிஷம் பேசி அழுவார். நல்ல நடிகர்தான், ஆனால் ஃபிரேமில் வேறு யாருக்கும் இடம் விடமாட்டார். அதில் அம்மாவாக நடித்தது மாரியாயி அக்கா, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். "பேச்சுல இந்தி கலக்குது, மெயின்லேண்டுல புரியாது" என்று சொல்லி, சென்னைக் குரலில் டப்பிங் போட வைத்த புத்திசாலி நான்தான். கட்சாலில் படம் போட்டபோது அக்கா பாதியில் எழுந்து போய்விட்டார்.

"என் கொரலு இருந்தா வர்றேன், இல்லாட்டி ஆள விடுங்க" என்று கறாராகச் சொல்லித்தான் இந்தப் படத்துக்கு வந்தார்.

காட்சிப்படி, இதிலும் அம்மாவான அக்கா மகளின் காதோடு மெதுவாகப் பேச வேண்டும். இஞ்சினை நிறுத்தச் சொன்னேன். ஃபெர்ரிக்காரர் கையை விரித்தார்.

"பந்த் நஹி ஹோகா, தாதா!"

நிறுத்த முடியாதாம். வண்டியெல்லாம் ஏறியாச்சு, அவர் பாடு அவருக்கு.

"டப்பிங்ல பாத்துக்கலாம்" என்றேன்.

சேகர் முறைத்தார். "அண்ணே, அக்கா கொரல் இல்லேன்னா இந்த சீனே வேணாம்."

அக்கா குறுக்கே வந்தார். "ஏன் தம்பி, ஃபெர்ரிகிட்ட எவ குசுகுசுன்னு பேசுவா? கத்தித்தானே பேசுவோம்?"

சேகர் அக்காவைக் கத்தியே பேசச் சொன்னார். தன் வசனம் முழுவதையும் அங்கேயே வெட்டினார். மகளின் பையைத் தூக்கிக்கொண்டு கேமராவுக்கு முதுகு காட்டி நின்றார். அட, முதல் படத்து சேகரா இது!

"அடியே, போனதும் போன் போடு! டவர் இல்லேன்னு கதை விடாத! டைம் பே கானா கா லேனா, கேட்டியா!"

நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லி அக்கா போட்ட கத்தலில், மகளாக நடித்த பெண் நிஜமாகவே அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது.

முதல் படம் முடிந்ததும் எல்லோரும் சேகருக்குக் கை கொடுத்தார்கள். இரண்டாவது முடிந்ததும் பாதிப் பேர் வெளியே போய் அம்மாவுக்கு போன் போட்டார்கள். பின்பாதி கொஞ்சம் சவ்வாக இழுக்கும், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் சேகர் முகமே தெரியாத அந்தக் காட்சிதான் அவர் நடித்ததிலேயே உசத்தி.

சவுண்ட் சுத்தமாக இருந்தால் போதும் என்று காலமெல்லாம் வேலை பார்த்தவன் நான். அது யாருடைய சவுண்ட் என்று கேட்கக் கற்றது அந்த ஃபெர்ரியில்தான். கட்சாலில் இந்தப் படமும் ஓடியது. அக்கா கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார். பக்கத்தில் போய்ச் சொன்னேன்.

"அக்கா, போன படத்துல ஒங்க கொரலை எடுக்கச் சொன்னது நான்தான். மன்னிச்சிருங்க."

"தெரியும் தம்பி. அதான் இந்த வாட்டி ஒங்க காது கிழியுற மாதிரி கத்துனேன்."